649 ரூபாய் குக்கீ பெட்டியும் ஒரு சின்னத் தராசும்

ஏப்ரலில் பெரியவளுக்குப் பத்து வயது நிறைந்தது. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். ஆன்லைனில் பார்த்து வைத்திருந்த ஒரு பெட்டியைக் காட்டினாள். குழந்தைகள் வீட்டிலேயே குக்கீ செய்து பழகும் பெட்டி. அட்டையில் மூன்று டைனோசர்கள். அவற்றுக்குக் கீழே, விளையாடிக்கொண்டே அறிவியலும் கணக்கும் கற்கலாம் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. விலை 649 ரூபாய். நான் பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறவள். ஒரு லைனிங் பிளவுஸுக்கு வாங்கும் கூலியைவிட அது அதிகம். ஆனாலும் அந்த ஒரு வரிக்காக வாங்கினேன். அவளுக்குக் கணக்கு என்றாலே முகம் வாடும். குக்கீ வழியாகவாவது வரட்டும் என்று நினைத்தேன்.

எட்டு மாதம் ஆகிவிட்டது. பெட்டி ஒரே நாளில் தீர்ந்தது. அதற்குப் பிறகு பெட்டி இல்லாமல் நாங்களே ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில் செய்து வருகிறோம். இப்போது இந்த மாதிரிப் பெட்டியைப் பற்றி உறுதியாக ஒரு கருத்துச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. பேச வேண்டியது பெட்டியைப் பற்றித்தான்.

உள்ளே இருந்தவை: 250 கிராம் மாவுக் கலவை, ஒரு சின்னப் பொட்டலம் சாக்லேட் சிப்ஸ், வண்ண மிட்டாய்த் தூள், டைனோசர் வடிவத்தில் மூன்று பிளாஸ்டிக் அச்சுகள், ஒரு குட்டி ஏப்ரன், ஸ்டிக்கர்கள், செய்முறை அட்டை. வெண்ணெயும் பாலும் நம்முடையவை. அச்சுகள் நல்ல கெட்டி. ஏப்ரன் துணி பரவாயில்லை, ஓரம் ஒழுங்காக மடித்துத் தைத்திருந்தார்கள். சிப்ஸும் நன்றாகத்தான் இருந்தது.

குறை செய்முறை அட்டையில் இருந்தது. முழுக்க ஆங்கிலம். பெரியவள் தட்டுத்தடுமாறி வாசித்துவிட்டாள். ஒன்றாம் வகுப்பு படிக்கும் சின்னவன் படங்களை மட்டும் பார்த்தான். "அரை கப் வெண்ணெய், ரூம் டெம்பரேச்சரில்" என்பது முதல் வேலை. எந்தக் கப் என்று இல்லை. பெட்டிக்குள்ளும் கப் இல்லை. கிராம் கணக்கு எங்கேயும் இல்லை. நாங்கள் டீ குடிக்கும் டம்ளரில் பாதி எடுத்தோம். ஏப்ரல் கடைசி, மதியம் மூன்று மணி. எங்கள் அடுக்களையில் அந்நேரம் ஓட்டுச் சூடு இறங்கிக்கொண்டிருக்கும். வெளியே எடுத்து வைத்த வெண்ணெய் கால் மணி நேரத்தில் எண்ணெயாக நின்றது. அட்டையில் சொன்னபடியே கலந்தோம், உருட்டினோம், அச்சு வைத்து வெட்டினோம், ஓவனில் வைத்தோம். பன்னிரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தால் டைனோசருக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தகடாகக் கிடந்தது.

சின்னவன் அதையும் உடைத்துத் தின்றான். பெரியவள் அழுதாள். "நான் என்னம்மா தப்புப் பண்ணேன்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு அட்டையில் பதில் இல்லை. எனக்கும் அன்றைக்குத் தெரியவில்லை. நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். மூன்றாம் நாள் மரியாதையாகப் பதில் வந்தது. கூடவே இன்னொரு மாவுப் பொட்டலம் இலவசமாக அனுப்பினார்கள். அந்த நல்ல குணத்தைச் சொல்லியாக வேண்டும். ஆனால் ஏன் உருகியது என்று அவர்களும் சொல்லவில்லை.

அந்தக் காரணத்தைத் தேடப் போய்த்தான் எங்களுக்கு எல்லாம் ஆரம்பித்தது.

வெண்ணெய் ஏறக்குறைய 32 முதல் 35 டிகிரிக்குள் முழுதாக உருகிவிடும். செய்முறை எழுதுகிறவர்கள் ரூம் டெம்பரேச்சர் என்றால் 20 டிகிரியை ஒட்டிய அறையை மனதில் வைத்திருக்கிறார்கள். திருநெல்வேலியில் கோடையில் எந்த அறை அப்படி இருக்கும்? சுவரில் மாட்டும் வெப்பமானி ஒன்றை வாங்கி அடுக்களையில் மாட்டினோம். 35 காட்டியது. பெரியவள் அதைப் பார்த்ததும், "அப்ப நம்ம ரூமே வெண்ணெய்க்கு அடுப்பும்மா" என்றாள். அவள் குரலில் அழுகை போய்விட்டிருந்தது. தப்பு அவளுடையது இல்லை, அட்டை வேறு ஊருக்கு எழுதியது என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

அடுத்த வாரம் டிஜிட்டல் தராசு வாங்கினேன். ஐந்து கிலோ வரை நிறுக்கும், ஒரு கிராம் வரை காட்டும். இரண்டு பென்சில் செல் போட வேண்டும். விலை 400 ரூபாய்க்குள் அடங்கியது. அளவெடுக்காமல் துணியில் கத்தரி வைக்காதவள் நான். அடுக்களையில் மட்டும் இத்தனை வருடம் கண்ணளவில் ஓட்டியிருக்கிறேன். குழம்புக்கு அது போதும். மாவை ஓவனுக்குள் வைத்துக் கதவை மூடிய பிறகு ருசி பார்த்து உப்புப் போட முடியாது. அதனால் எல்லாக் கணக்கையும் முன்னாலேயே முடித்தாக வேண்டும். பேக்கிங் வேலைக்கும் தையலுக்கும் இதில் நல்ல ஒற்றுமை.

தராசு வந்த அன்று பெரியவளுக்கு ஒரு விளையாட்டு வைத்தேன். ஒரே டம்ளரில் மூன்று முறை மைதா அள்ளு, ஒவ்வொரு முறையும் நிறுத்துப் பார். மூன்று முறையும் தலை தட்டித்தான் அள்ளினாள். 118 கிராம், 137, 151. அவள் நம்பாமல் இன்னொரு முறை அள்ளினாள். லேசாகத் தூவி நிரப்பினால் குறைவு, அமுக்கி அள்ளினால் கூடுதல். ஒரு கப் என்பது மாவு விஷயத்தில் ஓர் அளவே இல்லை என்பது அவளுக்குக் கண்ணால் பார்த்த உண்மையாயிற்று. இந்தக் கப் கணக்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. பாஸ்டனில் சமையல் பள்ளி நடத்திய ஃபேனி ஃபார்மர் என்ற அம்மையார் 1896இல், கப்பையும் ஸ்பூனையும் தலை தட்டி அளக்க வேண்டும் என்று எழுதி அந்தப் பழக்கத்தை நாடு முழுக்கப் பரப்பினார். அங்கே வீட்டுக்கு வீடு ஒரே அளவுக் கப் இருக்கிறது. நம் வீட்டில் காபி டம்ளர் ஒரு அளவு, டீ டம்ளர் ஒரு அளவு, மாமியார் வைத்திருக்கும் உழக்கு இன்னொரு அளவு.

சின்னவனுக்குத் தராசில் பிடித்தது 'டேர்' பொத்தான். காலிக் கிண்ணத்தை வைத்து அதை அழுத்தினால் பூஜ்யம் வரும். கிண்ணத்தை எடுத்தால் எண்ணுக்கு முன்னால் ஒரு கோடு வரும். "கோடு என்னதும்மா?" என்றான். பூஜ்யத்துக்கும் கீழே எண் உண்டு என்பதை ஆறு வயதில் அவன் ஒரு எவர்சில்வர் கிண்ணத்திடம் படித்தான். மூன்று இலக்க எண் வாசிப்பதும் அங்கேதான் சரளமாயிற்று. "நூத்தி நாப்பத்தெட்டு, நூத்தி நாப்பத்தொம்போது, போதும் போதும்!" என்று அக்காவுக்குச் சத்தம் கொடுப்பது அவன் வேலை.

இனி நாங்கள் செய்யும் குக்கீ. பெட்டி வாங்குவதற்குப் பதில் என்ன செய்யலாம் என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் என் பதில். மாவு மூன்று பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, சீனி ஒரு பங்கு. ஷார்ட்பிரெட் என்கிற ஸ்காட்லாந்து பிஸ்கட்டின் பழைய கணக்கு இது. முட்டை வேண்டாம், சோடா வேண்டாம். நம் கடைகளில் வெண்ணெய் 100 கிராம் கட்டியாகக் கிடைப்பது இதற்கென்றே அமைந்த மாதிரி இருக்கிறது. வெண்ணெய் இரண்டு பங்கு 100 கிராம் என்றால் ஒரு பங்கு எவ்வளவு? 50. அப்போது சீனி 50, மாவு 150. மொத்தம் 300. ஒரு குக்கீக்கு 15 கிராம் என்றால் எத்தனை வரும்? 20. நாலு வீட்டுக்குச் சமமாகக் கொடுத்தால் வீட்டுக்கு ஐந்து. விகிதம், பெருக்கல், வகுத்தல் எல்லாம் ஒரு தாளின் பாதியில் முடிந்துவிடுகிறது. பதில் தப்பானால் ஆசிரியர் சிவப்பு மையில் சுழிக்க வேண்டியதில்லை, மாவே சொல்லிவிடும். பெட்டியில் மாவும் சீனியும் சோடாவும் முன்பே கலந்து வந்தன. அவள் கற்றுக்கொள்ள வேண்டிய கணக்கை யாரோ தொழிற்சாலையில் போட்டு முடித்து, ஒட்டி அனுப்பிவிட்டார்கள். என் பெரிய குறை அதுதான்.

செய்முறை எளிது. வெண்ணெய் விரலால் அமுக்கினால் குழி விழ வேண்டும், ஆனால் பளபளவென்று இளகக் கூடாது. எங்கள் ஊரில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் போதும். சீனியைப் பொடித்துச் சேர்த்து மரக்கரண்டியால் அடிக்க வேண்டும். மஞ்சளாக இருந்த வெண்ணெய் மெல்ல மெல்ல வெளுக்கும். காற்று உள்ளே ஏறுவதால் வரும் நிறம் அது. பிள்ளைகள் மாறி மாறிப் பத்து நிமிடம் அடிப்பார்கள். கை வலிக்கும். வலித்தாலும் விடமாட்டார்கள், யார் அடிக்கும்போது வெளுத்தது என்று போட்டி. பிறகு மைதாவைச் சலித்துச் சேர்த்து, சப்பாத்தி மாவு மாதிரி பிசையாமல் சும்மா சேர்த்துப் பிடிக்க வேண்டும். மைதாவை ஈரத்தோடு பிசையப் பிசைய இழுவை வரும். புரோட்டா மாஸ்டர் அதற்காகத்தான் அடித்துப் பிசைகிறார். குக்கீக்கு அந்த இழுவை வேண்டாம். சாலையோரக் கடையில் புரோட்டா வீசுவதை நின்று பார்த்தபோது, "நாம செய்யறதுக்கு நேர் எதிர் வேலை" என்று பெரியவள் தம்பிக்கு விளக்கினாள்.

அப்புறம் மாவை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். பெட்டியின் அட்டையில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் டைனோசர்கள் பிழைத்திருக்கும். இதை நாங்கள் சோதித்தே பார்த்தோம். ஒரே மாவில் பாதியை உடனே சுட்டோம், பாதியை அரை மணி குளிர வைத்துச் சுட்டோம். பள்ளிக்கூட ஸ்கேலால் அளந்தாள். குளிர வைக்காதது ஏழரை சென்டிமீட்டர் பரவியது, குளிர வைத்தது ஆறு. நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுவிட்டாள். அந்த நோட்டு இப்போது பாதி நிறைந்திருக்கிறது, எண்ணெய்க் கறையோடு.

ஓவனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெட்டி வாங்கும் பலருக்கு இது முன்கூட்டித் தெரிவதில்லை. அட்டையில் 180 டிகிரி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். எங்கள் ஓவன் என் தம்பி பெங்களூருக்கு மாறிப் போனபோது விட்டுச் சென்ற 28 லிட்டர் ஓ.டி.ஜி. (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின்னடுப்பு). 1500 வாட். சாதாரணப் பிளக்கில் போடக் கூடாது, பவர் பிளக் வேண்டும். எங்கள் அடுக்களையில் அப்படி இருப்பது ஒன்றே ஒன்று, அதில் கிரைண்டர் ஓடும். அதனால் சனிக்கிழமை காலையில் மாவு ஆட்டி முடித்த பிறகுதான் குக்கீ. உள்ளே நிறுத்தி வைக்கும் வெப்பமானி ஒன்று 300 ரூபாய்க்கு வாங்கினோம். குமிழை 180இல் வைத்தால் முதலில் 205 வரை ஏறுகிறது, விளக்கு அணைந்து 165க்கு இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. குமிழில் எழுதியிருப்பது ஒன்று, உள்ளே நடப்பது இன்னொன்று. சராசரி என்றால் என்ன என்று நான் விளக்கத் தேவையே இல்லாமல் போயிற்று.

ஒரு நாள் பெரியவள் தட்டில் வரிசைக்கு மூன்றாக ஒன்பது குக்கீ வைத்து, ஒவ்வொன்றின் இடத்தையும் நோட்டில் கட்டம் போட்டு எண் எழுதி வைத்தாள். சுட்டு எடுத்ததும் எது அதிகம் சிவந்தது என்று பார்த்து அதே கட்டத்தில் பென்சிலால் நிழலடித்தாள். பின்பக்கம் வலது மூலை கருமை, கதவோரம் வெளிறல். எங்கள் ஓவனுக்கு அவள் வரைந்த வரைபடம் அது. இப்போது எட்டாவது நிமிடத்தில் தட்டைத் திருப்பி வைக்கச் சொல்லி எனக்குக் குரல் கொடுக்கிறாள்.

தட்டைத் தொடுவது நான் மட்டும்தான். இதில் எந்தச் சமரசமும் இல்லை. ஓவன் மேசைக்கு முன்னால் தரையில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். ஓவன் ஓடும்போது பிள்ளைகள் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. ஓ.டி.ஜியின் கண்ணாடியும் பக்கவாட்டுத் தகரமும் தொட முடியாத சூடாகும், அணைத்த பிறகும் வெகுநேரம் ஆறாது. இன்னொன்று, பச்சை மாவை நக்கக் கூடாது. முட்டை போடாத மாவுதானே என்று நானும் நினைத்திருந்தேன். பச்சை மைதாவிலேயே கிருமி இருக்கலாம். அமெரிக்காவில் 2016இல் கோதுமை மாவின் வழியாகவே ஈ.கோலை என்ற கிருமி பரவிப் பலருக்கு நோய் வந்தது. அதைச் சொன்ன பிறகு சின்னவன் விரலை வாய்க்குக் கொண்டுபோவதில்லை, கையைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கழுவப் போகிறான். பெட்டியின் அட்டையில் ஒரு பிள்ளை கரண்டியை நக்கும் படம் இருந்தது. அந்தப் படத்தை எடுத்துவிட வேண்டும் என்று உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

எங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது ஜூலையில் கெட்டுப்போன ஒரு தட்டு. இரண்டு பேரும் பேச்சு மும்முரத்தில் சீனியை மறந்துவிட்டார்கள். பதினைந்து நிமிடமாகியும் குக்கீ சுண்ணாம்பு மாதிரி வெளுத்தே இருந்தது. இருபதாவது நிமிடமும் அப்படியே. ஓவன் ரிப்பேர் என்று நான் நினைத்தேன். வாயில் போட்டதும் புரிந்துவிட்டது. இனிப்பு இல்லாததைவிட அவளை ஆச்சரியப்படுத்தியது நிறம் வராததும் பரவாததும்தான். "சீனி இனிப்புக்கு மட்டும் இல்லையாம்மா?" என்றாள். இல்லை. சீனிதான் பரவ வைக்கிறது, மொறுமொறுப்பைத் தருகிறது, சிவப்பதற்கும் துணை நிற்கிறது. புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களோடு சர்க்கரை வகைகள் சூட்டில் சேரும்போது பழுப்பு நிறம் உண்டாவதை 1912இல் லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் எழுதினார். அதை மயார் வினை என்றே சொல்கிறார்கள். காபிக்கொட்டை வறுபடுவதிலும், தோசை முறுகுவதிலும் அதற்குப் பங்கு உண்டு. மறுநாள் காலை தோசைக்கல் முன்னால் நின்றுகொண்டு, "இன்னும் மயார் வரல, திருப்பாதீங்க" என்று மாமியாரிடம் சொன்னாள். ஆச்சிக்கும் இப்போது அந்தப் பெயர் பழகிவிட்டது.

எடை காணாமல் போனது இன்னொரு நல்ல பாடம். சுடுவதற்கு முன் மொத்த மாவு 296 கிராம். (300 வரவில்லையே என்று தேடியதில் மீதி நான்கு கிராம் கிண்ணத்திலும் கரண்டியிலும் ஒட்டியிருந்தது.) சுட்ட பிறகு எல்லாக் குக்கீயையும் சேர்த்து நிறுத்தால் 268. தம்பி தின்றுவிட்டான் என்று முதலில் பழி போட்டாள். எண்ணிப் பார்த்தால் இருபதும் இருந்தது. அப்படியானால் 28 கிராம் எங்கே? ஓவன் கண்ணாடியில் ஆவி படிந்திருந்ததைச் சின்னவன்தான் ஞாபகப்படுத்தினான். வெண்ணெய்க்குள் தண்ணீர் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பிள்ளைகளுக்குத் தெரிந்தது. நம் நாட்டுச் சட்டப்படி டேபிள் பட்டர் என்று விற்கும் வெண்ணெயில் குறைந்தது 80 விழுக்காடு கொழுப்பு இருக்க வேண்டும். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். மைதாவிலும் ஈரம் உண்டு. அதையொட்டி அடுத்த முறை 100 கிராம் வெண்ணெய்க்குப் பதிலாக 80 கிராம் நெய் போட்டுப் பார்த்தோம். கொழுப்பு கிட்டத்தட்ட அதே அளவு, தண்ணீர் மட்டும் கிடையாது. வந்தது நம் பேக்கரி நெய் பிஸ்கட்! மேலே வெடிப்பு விட்டு, வாயில் போட்டால் மணல் போல் உதிர்ந்தது. தண்ணீர் இல்லாததால் மைதாவுக்கு இழுவை வரவில்லை. சின்ன வயதிலிருந்து தின்ற நெய் பிஸ்கட் ஏன் அப்படி உதிர்கிறது என்று எனக்கே முப்பத்தேழு வயதில்தான் தெரிந்தது.

என் அம்மா அன்றைக்கு வந்திருந்தாள். நாங்கள் பிள்ளைகளாக இருந்த காலத்தில் கிறிஸ்துமஸுக்குக் கேக் மாவைக் கலந்து, தகர டின்னில் ஊற்றி, தெருக்கோடி பேக்கரி அடுப்பில் கொடுத்து வாங்கி வந்ததைப் பேத்திக்குச் சொன்னாள். டின்னில் ஆளுக்கொரு அடையாளம் கீறிவைப்பார்களாம். சீனிக்குப் பதில் கருப்பட்டி போடச் சொன்னதும் அவள்தான். போட்டோம். மொறுமொறுப்பு குறைந்து மெத்தென்று வந்தது, கருப்பட்டி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. எனக்கு அதுதான் பிடித்திருந்தது. பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை.

தூத்துக்குடி மக்ரூனும் முயன்றோம். முட்டை வெள்ளை, சீனி, முந்திரி மூன்றே பொருள். கூம்பு நிற்கவில்லை, தட்டையாகப் படிந்தது. அதை இன்னும் கற்க வேண்டும்.

செலவையும் சொல்கிறேன். பெரியவளே போட்ட கணக்கு. வெண்ணெய் 62 ரூபாய், மைதா 9, சீனி இரண்டரை, மின்சாரத்துக்கு 5 என்று வைத்துக்கொண்டாள். மின்சாரத்தை அவள் மீட்டரிலேயே பார்த்தாள். ஓவன் போடுவதற்கு முன்னும் பின்னும் எண்ணைக் குறித்து, ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு என்று கண்டாள். 1500 வாட் ஓவன் நாற்பது நிமிடம் நிற்காமல் எரிந்தால்தான் ஒரு யூனிட் ஆகும், இடையிடையே அணைந்து எரிவதால் குறைகிறது. மொத்தம் 78 ரூபாய் 50 காசு, இருபது குக்கீ, ஒன்று நாலு ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. பெட்டியில் வந்தது வெண்ணெய் சேர்க்காமலே 649.

அந்தக் கணக்கில் அவள் பிடித்துக்கொண்டது வேறொன்று. 78 ரூபாயில் 62 வெண்ணெய்க்கே போகிறது. அப்படியானால் கடையில் பத்து ரூபாய்க்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் எப்படித் தருகிறார்கள்? மளிகைக் கடையில் நின்று பாக்கெட்டின் பின்பக்கத்தை வாசித்தாள். பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததுக்கு என்ற வரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. மைதா முதலில், அப்புறம் சீனி, அப்புறம் பாமாயில். முன்பக்கம் பெரிய எழுத்தில் வெண்ணெய் என்று போட்டிருந்த பாக்கெட்டில், பின்பக்கம் வெண்ணெய் ஒற்றை இலக்க விழுக்காடு. நம்முடையதில் எத்தனை விழுக்காடு என்று அங்கேயே விரல் விட்டு எண்ணினாள். முந்நூறில் நூறு, மூன்றில் ஒன்று, முப்பத்து மூன்று சொச்சம். கடைக்கார அண்ணாச்சி, "பாப்பா பரீட்சைக்குப் படிக்குதா?" என்று கேட்டார். விழுக்காடு அவள் வகுப்பில் இன்னும் நடத்தவே ஆரம்பிக்கவில்லை.

இதற்காகப் பெட்டி யாருக்குமே ஆகாது என்று சொல்லவில்லை. வீட்டில் பேக்கிங் சாமான் எதுவும் இல்லாதவர்கள், ஒரு மழை நாள் மாலையில் பிள்ளைகளோடு இரண்டு மணி நேரம் சந்தோஷமாக இருக்க விரும்பினால் வாங்கலாம். நான் சொன்ன அரை மணிக் குளிரை மட்டும் மறக்காதீர்கள். வெண்ணெய் 80 கிராம் போதும் என்பது இரண்டாம் முறை பக்கத்து வீட்டுப் பெட்டியில் செய்து பார்த்துக் கண்டது. அவர்கள் வீட்டில் டைனோசருக்கு வால்கூட உடையாமல் வந்தது. மைக்ரோவேவிலும் செய்யலாம் என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி இறங்க வேண்டாம். சூடான காற்றைச் சுழலவிடும் கன்வெக்ஷன் வசதி உள்ள மைக்ரோவேவ் என்றால் சரி. சாதம் சூடுபண்ணும் சாதாரண வகையில் சிவக்காது.

கற்றுக்கொள்வதற்காக வாங்குவதாக இருந்தால் என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. ஒன்று அச்சுகளுக்கு, ஒன்று அவர்கள் மின்னஞ்சலுக்குப் பதில் போட்ட விதத்துக்கு. அதே 649 ரூபாயில் ஒரு தராசு, ஒரு கட்டி வெண்ணெய், அரை கிலோ மைதா, பட்டர் பேப்பர் எல்லாம் வாங்கி, ஐம்பது ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்றும் வாங்கிவிடலாம். தராசுக்கு ஐந்துக்கு நாலரை. அரை குறைத்தது, இரண்டு மூன்று கிராம் பொருளை அது சரியாகக் காட்டாததால். சமையல் சோடா அரை டீஸ்பூன் போட்டால் ஒரு முறை 2 என்கிறது, ஒரு முறை 3 என்கிறது. அதற்கும் பெரியவள் வழி கண்டாள். பத்து டீஸ்பூன் சோடாவைத் தலை தட்டிப் போட்டு நிறுத்தாள், 47 கிராம். பத்தால் வகுத்து, ஒரு டீஸ்பூன் நாலே முக்கால் கிராமுக்குச் சற்றுக் குறைவு என்று நோட்டில் எழுதிக்கொண்டு, சோடாவைத் திரும்ப டப்பாவில் கொட்டிவிட்டாள். இதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

தீபாவளிக்கு எதிர் வீட்டிலிருந்தும் மாடி வீட்டிலிருந்தும் பலகாரத் தட்டு வந்தது. வெறும் தட்டாகத் திருப்பித் தரும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது, வழக்கமாக வாழைப்பழம் வைப்பேன். இந்த வருடம் தட்டுக்குப் பத்துக் குக்கீ என்று பிள்ளைகளே எண்ணி வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். உடைந்தவற்றை வீட்டுக்கு என்று ஒதுக்கியதும் அவர்கள்தான். கிறிஸ்துமஸுக்கு எட்டு வீடு. வீட்டுக்குப் பத்து என்றால் எத்தனை கட்டி வெண்ணெய் என்று கணக்குப் போட்டு, நாலு என்று எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள்.

நிறுவனம் இலவசமாக அனுப்பிய அந்த மாவுப் பொட்டலம் இன்னும் அலமாரியில் இருக்கிறது. தேதி முடிய இரண்டு மாதம் உண்டு. அதைச் சுட்டுவிடலாம் என்றேன். வேண்டாம் என்கிறாள். அதில் சீனி எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். 50 கிராம் நிறுத்து எடுத்துத் தண்ணீரில் கலக்கினால் சீனி கரையும், மாவு கரையாது. என் லைனிங் துணி ஒன்றில் வடிகட்டி, வடிந்த தண்ணீரை வெயிலில் வைத்து வற்றவிட்டு நிறுக்கப் போகிறாள். எறும்பு வராமல் பார்த்துக்கொள்வது சின்னவன் பொறுப்பு. வருகிற சனிக்கிழமை கிரைண்டர் ஓடி முடிந்ததும் அந்த வேலை.